இரண்டாம் பிரிவில் எங்கள் மூன்று ஆண்டுகள்

"டீம் மேல ஏறிட்டா அப்பா ஒரேயடியா வந்துருவேன் பாப்பா" என்று என் கணவர் போனில் சொன்னபோது மகளுக்கு ஐந்து வயது. ஜப்பானின் வடக்கே, கடலோரத்தில் ஒரு சிறு நகரம். அங்கே இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. டீம் என்றது அந்த ஊர்க் கால்பந்துக் கிளப்பை. அது இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. முதல் பிரிவுக்கு ஏறினால் வேலையை விட்டுவிட்டு மதுரைக்கு வந்துவிடுவாராம். அப்பா சும்மா சொல்கிறார் என்று நான் அன்றே அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அழுகையை நிறுத்தியிருந்தாள். அது போதுமென்று தோன்றியது.

அதன்பின் மூன்று ஆண்டுகள், மதுரை ஆனையூரில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கிளப்பின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். முதுகலைக் கணிதம் படித்தவள் நான். படித்தது இதற்குத்தானா என்று எரிச்சலாக வரும். அந்தக் கிளப் முதலில் ஒரு நூற்பாலைத் தொழிலாளர் அணி. வேலை முடிந்த பின் மாலையில் ஆடியவர்கள். ஆலை கைவிட்டபோது ஊரார் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, அதைத் தங்கள் கிளப்பாக்கிக்கொண்டார்கள். ஒரே ஒரு முறை முதல் பிரிவுக்கு ஏறியது. அடுத்த ஆண்டே கடைசி இடம். பிறகு மூன்றாம் பிரிவுவரை சரிந்து, எப்படியோ இரண்டாவதற்குத் திரும்பி, நடுவிலேயே நின்றுவிட்டது. பனி உருகும்வரை சொந்த மைதானத்தில் ஆடவும் முடியாது. சீசனின் முதல் ஆட்டங்கள் எல்லாம் வெளியூரில்தான். போயும் போயும் இந்தக் கிளப்பை நம்பியா ஒரு மனிதர் குழந்தைக்கு வாக்குக் கொடுப்பார்?

முதல் ஆண்டு ஒன்பதாம் இடம். அடுத்த ஆண்டு ஒரே புள்ளியில் வாய்ப்புப் போனது. மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "அடுத்த வருஷம் கண்டிப்பா ஏறிரும்" என்று சொல்லி ஊட்டினேன். ஊட்டியபின், இதை ஏன் சொன்னோம் என்று நாள் முழுக்க உறுத்தியது.

கோச்சடையிலிருந்து வரும் என் அண்ணனுக்கு இதெல்லாம் வேடிக்கை.

"மாப்ள அங்க வேலை பாக்குறாரா, இல்ல கோல் போஸ்ட்டுல நிக்கிறாரா?"

"அப்பா நிக்கல மாமா. நம்ம கோல்கீப்பருக்குக் கை சுளுக்கு. உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மகள்.

"அடேயப்பா, எம்புட்டு வெவரம்!"

மூன்றாம் ஆண்டு ஆகஸ்டில் கணவர் என்னிடம் மட்டும் சொன்னார். தொழிற்சாலையில் இன்னும் இரண்டு ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டாராம்.

"பாப்பாகிட்ட என்னங்க சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. அவிங்க எங்க ஏறப்போறாங்க!"

நானும் அதை நம்பித்தான் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஆண்டு பார்த்து அந்தக் கிளப் மூன்றாம் இடம் பிடித்தது. முதல் இரண்டு அணிகள் நேராக ஏறிவிடும்; அடுத்த நான்கும் மிச்சமுள்ள ஒரே இடத்துக்குத் தங்களுக்குள் மோத வேண்டும்.

ஏறப்போவது யார் என்று தீர்மானிக்கும் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிறு. நமக்குக் காலை நேரம். ஆறு மணிப் பூசைக்குப் போய்த் திரும்பி, போனைச் சுவரில் சாய்த்துவைத்து இருவரும் உட்கார்ந்தோம். "டிரா ஆனாலும் போதும்மா. நம்மதான பட்டியல்ல மேல இருக்கோம்" என்று மகள் விதியை எனக்கு விளக்கினாள். இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. அவள் கண்ணை மூடிக் கை கூப்பியிருந்தாள். பக்கத்திலேயே நானும் கை கூப்பியிருந்தேன். எதிரணி ஒரே ஒரு கோல் போட்டால் போதும் மாதாவே என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசிவரை யாரும் போடவில்லை. கிளப் ஏறிவிட்டது.

மைதானத்திலிருந்தே கணவர் கூப்பிட்டார். ஒரே இரைச்சல். அழுதுகொண்டிருந்தார்.

"அப்பா! எப்பப்பா வாரீங்க?"

அவர் தடுமாறினார். "தங்கம்... கம்பெனில இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லிட்டாங்கடா. அம்மாட்ட அப்பவே சொல்லிட்டேனே."

மகள் என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு எங்கூட உக்காந்து பாத்தீங்க?"

அவரை விட என்மேல்தான் அவளுக்குக் கோபம். அது நியாயமா என்று பலமுறை யோசித்துவிட்டேன். ஒரு நாள் நியாயம் என்று படுகிறது. மறுநாள், அங்கே இருந்துகொண்டு அவர் வாக்குக் கொடுப்பார், இங்கே இருந்துகொண்டு பழியை நான் வாங்க வேண்டுமா என்று ஆத்திரம் வருகிறது.

இப்போது முதல் பிரிவு ஆட்டங்கள் நடக்கின்றன. ஒவ்வொரு சனிக்கிழமையும் கூப்பிட்டு ஸ்கோர் சொல்கிறார். பெரும்பாலும் தோல்விதான். மகள் போனை வாங்குவதில்லை. போன வாரம் நான் நீட்டியபோது, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "எந்த வருஷம், எந்த மாசம் வாராருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அப்படியே கேட்டேன்.

"சீசன் முடியட்டும், பாப்போம்" என்றார்.