ஆடு இல்லாத வீடுகள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். சிவில் இன்ஜினியரிங் முடித்து, திருவானைக்காவலுக்கு வெளியே ஒரு புறநகர்த் தெருவில் வரவிருந்த தார்ச்சாலைக்கு நான் போட்ட முதல் வரைபடத்தை அந்தத் தெரு மக்கள் முன் பெருமையோடு விரித்தேன்.

வாசல்களிலிருந்து சாலைக்குள் நீட்டிக்கொண்டிருந்த சிமென்ட் மேடுகளை இடிக்க வேண்டும். ‘ஆக்கிரமிப்பு’ என்பதைச் சுருக்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் சிவப்பில் ‘ஆ’ போட்டிருந்தேன்.

பூக்கட்டும் செல்வி அக்கா எட்டிப் பார்த்தார். “ஏம்மா, ஆ-ன்னா ஆடுதானே? எங்க வீட்ல ஆடே இல்லையே!”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே அர்த்தத்தைச் சொன்னேன். சிரிப்பு சட்டென்று அடங்கியது.

“ஆசைக்கா கட்டினோம்? மழைத்தண்ணி உள்ள வருதுன்னுதாம்மா கட்டினோம். தண்ணி போக வழி பண்ணிக் குடுங்க, நாங்களே இடிச்சிடுறோம்” என்றார் அக்கா.

மூன்று முறை அளந்த தெரு. அந்த மேடுகள் ஏன் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வரைபடத்தைச் சுருட்டினேன். புதியதில் முதல் கோடே வடிகாலுக்குத்தான்.

வடிகால் முடிந்து, தார் போடுவதற்கு முன் பெருமழை பெய்தது. எந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லை. மறுநாள் காலை அக்கா போன் செய்தார். பின்னால் கடப்பாரைச் சத்தம்.

“இன்ஜினியரம்மா, எங்க ஆட்டை வெட்டிட்டு இருக்கோம், சாப்பிட வாங்க!”

இப்போதெல்லாம் எந்தத் தெருவிலும் கேட்டுவிட்டுத்தான் அளக்கிறேன்.