எல்லாம் பச்சை

அந்தக் காது மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அவனுக்கு 'அப்டேட்' என்று பெயர். வைத்தவள் வரவேற்பு மேஜைப் பெண். டாக்டரின் காரை ஓட்ட ஒரு டிரைவர் இருக்கிறார், சரி. கம்ப்யூட்டருக்கும் டிரைவர் இருக்கிறாராமே, அவர் எங்கே உட்காருவார் என்று ஒருநாள் கேட்டாள். கிண்டல் என்று புரியாமல் அவன் விளக்கம் சொல்லத் தொடங்கினான். பிரிண்டரோ ஸ்கேனரோ சவுண்டு கார்டோ, எந்தக் கருவியும் கம்ப்யூட்டரோடு பேச வேண்டுமானால் நடுவில் ஒரு சின்ன மென்பொருள் வேண்டும், அதுதான் டிரைவர், அது பழையதாகிவிட்டால் புதியதை ஏற்ற வேண்டும் என்றான். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "அப்போ நீங்க டிரைவருக்கே டிரைவர்" என்றாள். அன்றிலிருந்து அவன் அப்டேட் அண்ணன்.

மற்றவர்கள் ஓய்வெடுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்கு முக்கியமான வேலை நாள். தன்னிடம் உள்ள சாவியால் கதவைத் திறந்து, ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து, அதில் மாட்டியிருக்கும் கருவிகளின் டிரைவர் எந்தத் தேதியுடையது, புதியது வந்திருக்கிறதா என்று தேடச் சொல்வான். பெரும்பாலும், சிறந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது என்று திரையில் பதில் வரும். அந்த வாக்கியம் அவனுக்குப் பிடிக்கும். உள்ளது போதும் என்று அவனிடம் வேறு யாரும் சொன்னதில்லை. பிறகு, எல்லாக் கருவிகளையும் ஒரே திரையில் காட்டும் ஒரு புரோகிராமையும் போட்டுக்கொண்டான். புதியது பச்சை, பழையது சிவப்பு.

யோசித்தால் அது விசித்திரமான சாட்சி. நீ சரியாக இருக்கிறாயா என்று இயந்திரத்திடமே கேட்கிறோம். அது தன் தேதியையும் கம்பெனியின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்கிறது. புதியதா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் உண்டு. சரியானதா என்ற கேள்வியை அது காதில்கூட வாங்குவதில்லை. அவனும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டதில்லை.

ஒரே ஒரு வரி மட்டும் மாதக்கணக்காகச் சிவப்பாகவே நின்றது. காது சோதிக்கும் அறையின் கம்ப்யூட்டரில் இருந்து ஹெட்ஃபோனுக்குச் சத்தம் அனுப்பும் சவுண்டு கார்டு அது. அதைத் தொடக் கூடாது என்று சோதனை செய்யும் மேடம் சொல்லியிருந்தார். வருடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒருவர் மீட்டரோடு வந்து, ஹெட்ஃபோனில் வரும் சத்தத்தை அளந்து சரிசெய்துவிட்டுப் போவார். அது போதாதென்று மேடம் தினமும் காலையில் தானே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தன் காதைச் சோதித்துக்கொள்வார். கேட்கும் அளவைத் தாளில் ஒரு கோடு காட்டும்; காது நன்றாக இருந்தால் கோடு மேலே, மந்தமானால் கீழே. தன் காதின் கோடு வழக்கமான இடத்தில் விழுந்தால்தான் முதல் நோயாளியைக் கூப்பிடுவார். அவனுக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் அந்தச் சிவப்பு கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வீட்டில் காது ஒரு வழக்காக மாறியிருந்தது. அவன் மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவள். ஒரு காய்ச்சல் வந்து போனபின் இடது காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது என்றாள். மாடியில் இருந்த அவனுடைய அக்கா அதை நம்பவில்லை. கூப்பிட்டால் திரும்பாததற்கு அக்கா வேறு காரணம் வைத்திருந்தாள். "வேலைன்னா காது அடைச்சுக்கும், டிவின்னா தெறந்துக்கும். இது என்ன காதுடா, உன் பொண்டாட்டிக்கு?" என்றாள். அக்காதான் அவனைப் படிக்க வைத்தவள், வேலைக்குச் சொல்லி அனுப்பியவள். அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி அவனுக்குப் பழக்கமில்லை. மனைவியை நம்பாமலும் இருக்க முடியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் தான் எதுவும் சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி தேடினான். இயந்திரம் சொல்லட்டும் என்று முடிவு செய்தான்.

வேலை நாளில் கூட்டிப்போனால் வீட்டுச் சண்டை மருத்துவமனை முழுக்கத் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னான். அவள் வருவதற்கு முன் வழக்கமான வேலையை முடித்தான். விருந்தாளி வரும்போது வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது போன்ற ஒரு நினைப்பில், அந்தச் சிவப்பு வரியையும் தொட்டுவிட்டான். புதிய டிரைவர் இறங்கியது, கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது, திரை மேலிருந்து கீழ்வரை பச்சையாக இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவன் நிம்மதியாக மூச்சு விட்டான்.

மேடம் செய்வதைப் பலமுறை பார்த்திருந்ததால் சோதனை கஷ்டமாக இல்லை. மனைவியைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னான். அவள் பரீட்சைக்கு வந்தவள் போல முதுகை நிமிர்த்திக்கொண்டாள். இடது காதின் கோடு நல்ல காதுக்குரிய எல்லைக்குள் விழுந்தது. வலது காதின் கோடோ தாளின் உச்சிக்கே ஏறி நின்றது. மேடத்தின் கோடுகூட அவ்வளவு உயரம் போய் அவன் பார்த்ததில்லை. அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவனோ சந்தோஷப்பட்டான்.

"ரெண்டும் நல்லா இருக்கு" என்றான். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப எனக்கு ஏன் கேக்கல?" என்றாள். அவன், இங்கே வந்ததை யாரிடமும் சொல்லிவிடாதே, வேலைக்கு ஆபத்து என்று மட்டும் சொன்னான்.

சாயங்காலம் அவனே அக்காவிடம் மட்டும் செய்தியைச் சொன்னான். அக்கா சண்டை போடவில்லை, ஜெயித்தவர்கள் போடுவதில்லை. மெஷினே சொல்லிவிட்டதே, இனி நான் என்ன சொல்ல இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினாள்.

திங்கட்கிழமை காலை மேடம் ஹெட்ஃபோனை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். அவனைக் கூப்பிட்டு, "ஒரு ராத்திரியில எனக்குப் பத்து வயசுக் கொழந்தையோட காது வந்துடுச்சு. என்ன பண்ணீங்க?" என்றார். அவன் பார்த்தான். புதிய டிரைவர் தன் பாட்டுக்கு ஒரு வசதியை முடுக்கிவிட்டிருந்தது. மெல்லிய சத்தம் எதுவாக இருந்தாலும் அதைத் தூக்கிப் பெரிதாக்கித் தரும் வசதி. பாட்டு கேட்பவருக்கு அது நல்லதுதான். எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்கிறது என்று அளக்கும் இடத்தில் அது பச்சைப் பொய். அவன் பழைய டிரைவரைத் திரும்பப் போட்டான். மேடம் தன் காதை மறுபடி சோதித்து, கோடு பழைய இடத்துக்கு வந்ததைப் பார்த்தபின் சாதாரணமாகக் கேட்டார்.

"நேத்து இதுல யாருக்கும் டெஸ்ட் எடுக்கலையே?"

"இல்லங்க மேடம். நேத்து லீவுதானே."

ஒருவன் கெட்டவனாவதற்குப் பெரிய தருணம் எதுவும் தேவைப்படுவதில்லை. இப்படி ஒரு சின்னக் கேள்வி, பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும் காபி, வெளியே காத்திருக்கும் நோயாளி, இவ்வளவு போதும். இரவு வீட்டில் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். இரவு வந்தபோது ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தான். சொன்னால் அக்காவிடமும் சொல்ல வேண்டியிருக்கும். மறுபடி சோதிக்க மேடத்திடம் போக வேண்டியிருக்கும். ஒரு முடிச்சை அவிழ்த்தால் மூன்று முடிச்சு அவிழும். காது தானாகவே சரியாகிவிடும் என்றும் ஒரு சப்பைக்கட்டு இருந்தது.

காது சரியாகவில்லை. இயந்திரத்தின் தீர்ப்பை அவள் மற்ற எல்லோரையும் விட அதிகமாக நம்பினாள் என்பதுதான் கொடுமை. மாதங்கள் போனபின் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அவனிடம் சொன்னாள்: "நெசமாவே நான்தான் நடிக்கிறேனோன்னு தோணுதுங்க. வேணும்னே கேக்காம இருக்கேனோ என்னமோ." அவன் அவள் கையிலிருந்த போர்வையின் மறுமுனையைப் பிடித்து மடிக்க உதவினான். அன்றைக்கு அவனால் செய்ய முடிந்தது அதுதான்.

பிறகு காப்பகத்தில் ஒரு குழந்தை அவளுக்கு இடப்பக்கம் விழுந்து அழுதது. அவள் வலப்பக்கக் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். காப்பகத்து முதலாளியம்மா அவளைத் திட்டவில்லை. மறுநாளே கையைப் பிடித்து அதே மருத்துவமனைக்கு, முன்வாசல் வழியாகக் கூட்டிவந்துவிட்டார். அவளைப் பரிசோதனை அறைக்கு அனுப்பிவிட்டு அவர் வேலைக்குத் திரும்பினார்.

மேடம் சோதித்தார். வலது காது ஒழுங்காக இருந்தது. இடது காதின் கோடு பாதித் தாளுக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. மனைவி இன்னும் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருக்க, அவள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட மேடம் அவனைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். காய்ச்சலோடு திடீரென்று போகும் காதை முதல் சில வாரங்களில் மருந்து கொடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு உண்டாம். இப்போது டாக்டர் மாத்திரை எழுதினாலும் அது மனசு ஆறுதலுக்குத்தான். "இங்கயே வேலை பாக்கறீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"இப்பத்தான் மேடம் தெரிஞ்சுது" என்றான் அவன். கண்ணாடிக்குப் பின்னால் அவள் அடுத்த சத்தத்துக்காகக் கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவனுக்குக் கிடைத்தது அவளுடைய இடப்பக்கம். இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. வண்டி நகர்ந்ததும் அவன் சொல்லத் தொடங்கினான். சிவப்பு வரி, புதிய டிரைவர், திங்கட்கிழமைக் கேள்வி, சொன்ன பொய், சொல்லாமல் விட்ட ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றையும் விடவில்லை. முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் சொன்னான். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் மார்பிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. சொல்லியாயிற்று; இனிமேல் சொல்லவில்லை என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது என்று அவன் மனம் கணக்குப் போட்டது.

வீட்டு வாசலில் அவள் நின்றாள். அவனைச் சுற்றி மறுபக்கம் வந்து, வலது காதை அவன் பக்கம் திருப்பினாள்.

"பஸ்ல என்ன சொன்னீங்க? இப்ப சொல்லுங்க."

மாடிப்படியில் அக்கா காய்ந்த துணிகளோடு நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறந்தான்.

"மாத்திரையை மறக்காமப் போடணும்னு சொன்னேன்."

அவள் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஜன்னல் கண்ணாடியில பாத்தேன். வழி பூரா வாய் அசைஞ்சுக்கிட்டே வந்துச்சு" என்றாள். "மாத்திரைக்கா அவ்வளவு பேச்சு?"

"பாத்தியாடா?" என்றாள் அக்கா மேலேயிருந்து. "இதெல்லாம் மட்டும் நல்லாக் கேக்குது."

அது இடப்பக்கத்திலிருந்து வந்ததால் அவள் திரும்பவில்லை. அவனுடைய பதிலுக்காகவே நின்றுகொண்டிருந்தாள். அவன் சாவியைத் தேடுவது போலப் பைக்குள் கையை விட்டான்.