சம்பந்தியும் நானும் ஏறிய காடு

மகளும் மருமகனும் போவதாக இருந்த மலைப்பயணம் அது. கிளம்பும் நேரத்தில் மருமகனுக்குக் காய்ச்சல். "அம்மா, நீயும் அத்தையும் போயிட்டு வாங்களேன்" என்றாள் மகள். அத்தை என்றது அவள் மாமியாரை, அதாவது என் சம்பந்தியம்மாவை.

நான் மயிலாப்பூரில் பள்ளி ஆசிரியை. அவர் வடபழனியில் தையல் கடை வைத்துப் படப்பிடிப்புகளுக்கு உடை தைத்துக் கொடுப்பவர். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் தனியாக இருந்ததே இல்லை. பார்க்கும்போதெல்லாம் மரியாதை செய்துகொள்வதிலேயே நேரம் போய்விடும். மறுத்துவிடுவார் என்று நம்பித்தான் போன் செய்தேன். "நீங்க வர்றதுன்னா நானும் வர்றேங்க" என்றார். அவரும் நான் மறுப்பேன் என்றே நம்பியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ரயிலில் கீழ் பெர்த்தை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தோம்; கடைசியில் டிக்கெட் பரிசோதகர்தான் தீர்த்துவைத்தார்.

வால்பாறைப் பக்கம், கோடரி படாத காடு. குழுவில் எங்களைத் தவிர எல்லோரும் இளைஞர்கள். வழிகாட்டி முன்னால் நடந்தார். உள்ளே நுழைந்ததும் வெயில் காணாமல் போயிற்று. சில மரங்களின் வேர்கள் சுவர் மாதிரி எழுந்து நின்றன. அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். எங்கோ உச்சியில் இருவாசிப் பறவை பறக்கும் சத்தம், பெரிய துணியை உதறுவது போல. சம்பந்தியம்மா நின்று அண்ணாந்து பார்த்தார். முதல் அருவி வரைக்கும் "பார்த்து வாங்க", "நீங்க முன்னால போங்க" என்பதற்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் ஏற்றம் செங்குத்தாயிற்று. குறுக்கே ஒரு ஓடை. நடுவில் ஒரு பாறையில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீரைப் பார்க்கப் பார்க்க நானே நகர்வது போல் இருந்தது. முன்பே கடந்துவிட்ட அவர் திரும்பித் தண்ணீரில் இறங்கினார்.

"கீழ பாக்காதீங்க. என்னப் பாருங்க."

என்னால் அசைய முடியவில்லை.

"கையக் குடு. இன்னாத்துக்கு யோசிக்கிற? குடுன்றேன்ல."

கொடுத்தேன். ஊசி பிடித்துக் காய்த்த விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டன. கரையேறியதும் அவர் முகம் மாறிவிட்டது. "வா போன்னு பேசிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"அப்படிப் பேசினதாலதான் வந்தேன்" என்றேன்.

அடுத்த பாறையில் அவரால் ஏற முடியவில்லை. நான் கீழேயிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினேன். பாதியில் அவருக்குச் சிரிப்பு வந்து, எனக்கும் தொற்றி, இருவரும் சறுக்கிப் பழைய இடத்துக்கே வந்தோம். மறுபடி தள்ளினேன்.

இரண்டாவது அருவியில் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நீங்க மேல போய்ட்டு வாங்க. நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன்." போக எனக்கு ஆசைதான். ஆனாலும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் வழிகாட்டியோடு ஏறினார்கள். குழுவுக்குத் துணையாக வந்திருந்த வனக்காவலர் எங்களோடு இருந்தார்.

சாரல் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "இந்தக் கல்யாணத்துக்கு மொதல்ல நான் ஒத்துக்கவே இல்ல. தெரியுமா?"

"தெரியும். நானும்தான் ஒத்துக்கலை."

"தெரியும்" என்றார் அவரும்.

கோபமோ வருத்தமோ எழவில்லை. வேறு யாரையோ பற்றிப் பேசியது போல் இருந்தது. பையிலிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினார். உபசாரம் எதுவும் சொல்லவில்லை. நானும் வேண்டாமென்று சொல்லாமல் எடுத்துக்கொண்டேன். மிளகாய்ப்பொடி நல்ல காரம்.

மேலே போனவர்கள் நனைந்து, சந்தோஷமாக இறங்கி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நாங்கள் மெதுவாக இறங்கினோம். வழுக்கும் இடங்களில் யார் கையை யார் பிடிக்கிறோம் என்று பார்க்கவில்லை.