கல்லின் கடைசி வரியில் ஆல்வா

பெல்டன் ஊரில் யாருக்காவது காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டால், டாக்டருக்கு ஆள் அனுப்புவதற்கு முன் ஓர்ஃபா கிம்பாலுக்குத்தான் ஆள் போகும். டாக்டர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார் என்பது ஒரு காரணம். ஓர்ஃபா வந்தால் விரிப்பு மாறும், சன்னல் திறக்கும், தலைமாட்டில் நின்று அழும் சொந்தக்காரர்கள் விறகு பிளக்கப் போய்விடுவார்கள் என்பது இன்னொன்று. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுத்துக் கிடக்கிற ஆண்களையே பார்த்துப் பார்த்து, நடமாடுகிறவர்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது என்பாள்.

அவள் கையில் இறந்த முதல் ஆள் ஆல்வா ஸ்டானர்ட். அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரண்டாம் குளிர்காலம் அது. கேப்டன் டட்டனுக்குப் பின்னால் விரும்பிச் சேர்ந்த ஊர்ப் பையன்களில் அவனும் ஒருவன். வெர்ஜீனியா முகாமில் ஒரு துப்பாக்கிக் குண்டைக்கூடக் காணாமல் வயிற்றுக்கடுப்பில் விழுந்து, பனிச்சறுக்கு வண்டியில் வைக்கோலோடு வைக்கோலாக வீடு வந்து சேர்ந்தான். பார்த்துக்கொள்ள ஓர்ஃபாவை வைத்தார்கள். அவளுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. ஒரு கையை முதுகுக்கடியில் கொடுத்தால் போதும், அவன் முழுதாக எழுந்து வந்துவிடுவான்; அவ்வளவுதான் கனம். பனி உருகுமுன் போய்விட்டான். கழுவி, சவரம் செய்து, படையில் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுவிட்டாள். சட்டை தொளதொளத்ததால் முதுகுப்பக்கம் மடித்து ஊசி குத்தினாள். முன்னால் பார்ப்பவர்களுக்குச் சரியாக இருந்தது.

இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. போருக்குத் தானாகப் போன பெல்டன்காரர்களுக்காக ஊர்ப் புல்வெளியில் கிரானைட் சிப்பாய் ஒருவனை நிறுத்துவது என்று முடிவானது. இறந்தவர்களின் பெயர் பீடத்தில். ஆனால் படையில் இருக்கும்போது இறந்திருக்க வேண்டும். ஆல்வாவைப் படையிலிருந்து விடுவித்துத்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆகவே அவன் கணக்கில் இல்லை.

அவன் அம்மா ஃபிலூரா இடுப்பு விழுந்து படுக்கையில் இருந்தாள். அவளையும் ஓர்ஃபாதான் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப என் பிள்ளை எதுல செத்தானாம்? விருந்துக்குப் போன இடத்துலயா?" என்றாள் ஃபிலூரா.

"கத்தாதீங்க அத்தை. ஒருக்களிச்சுப் படுங்க, முதுகு துடைக்கணும்."

"கல்லறையில வச்ச பலகையும் உளுத்துப் போச்சு. நானும் போயிட்டா ஆல்வான்னு ஒருத்தன் இருந்தான்னு சொல்ல யாருடி இருக்கா? என் கண்ணு மூடறதுக்குள்ள அந்தக் கல்லுல அவன் பேரு வந்தாகணும்."

"பார்க்கறேன்" என்றாள் ஓர்ஃபா. முடியும் என்று தெரியாத எதற்கும் அவள் வாக்குக் கொடுப்பதில்லை.

மார்ச் மாதம் ஊர்க்கூட்டம் கூடியது. ஊர் மண்டபத்தின் மாடியில் ஆண்கள் கை தூக்கி ஓட்டுப் போடுவார்கள். கீழே பெண்கள் சமைப்பார்கள். பெண்பிள்ளை பேச வேண்டுமானால் கூட்டத்தில் ஒருவர்கூட மறுக்கக் கூடாது. கல் விவகாரம் சாப்பாட்டுக்குப் பிறகு என்று இருந்தது. காலையிலேயே ஏப்ரனோடு மாடியேறிப் போய் ஓர்ஃபா அனுமதி கேட்டாள்.

"யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்றார் தலைவர்.

கேப்டன் டட்டன் எழுந்தார். "எனக்கு இருக்கு. இவ எதுக்கு வந்திருக்கான்னு தெரியும். ஒருத்தனுக்குக் கதவைத் திறந்தா, வீட்டுக்கு வந்து இருமிச் செத்தவன் அத்தனை பேரும் வரிசையில நிப்பான். கல்லு அவ்வளவு பெருசு இல்ல."

"சரி, பீன்ஸ் அடிப்பிடிக்கும்" என்று ஓர்ஃபா இறங்கிவிட்டாள். கீழே சாப்பாட்டு அறையில் தலைவரும் கிடையாது, ஆட்சேபமும் கிடையாது என்பது மாடியில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மதியம் நீள மேசைகளில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பீன்ஸ் பானையை ஓர்ஃபாவே தூக்கிக்கொண்டு கேப்டன் அருகே வந்தாள்.

"பன்றிக் கொழுப்பு வைக்கட்டுமா கேப்டன்? உங்க வயித்துக்கு ஆகாதே."

"கொஞ்சமா வை."

"ஆல்வாவுக்கும் ஆகலை. பார்லிக் கஞ்சிகூட ஆகலை. வாயில போனது அப்படியே கீழ வந்துது, ரத்தமும் சேர்ந்து."

எதிரே இருந்த மாவுமில் ஐரா கரண்டியைக் கீழே வைத்தார். "ஏம்மா, சாப்பிடற நேரத்துலயா!"

"மேல பேச விடலை, ஐரா. இங்க பானை என் கையில இருக்கு. கேக்கப் பிடிக்கலைன்னா தட்டை எடுத்துக்கிட்டு லாயத்துக்குப் போ, குதிரைங்க வேற பேசும்."

மேசை முழுக்கச் சிரித்தது. கேப்டன் சிரிக்கவில்லை. ஓர்ஃபா குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அவன் கூடாரத்துல படுத்திருந்த ரெண்டு பேருக்கும் அதே நோவு. அவங்க அங்கேயே செத்தாங்க, கல்லுல இருக்காங்க. இவன் அம்மாவைப் பார்க்கணும்னு அழுதான். நீங்க முகாம் டாக்டரை விடாம நச்சரிச்சு விடுதலைக் கையெழுத்து வாங்கி அனுப்பினீங்க. அவனே சொன்னான்."

கேப்டன் தட்டைத் தள்ளி வைத்தார். "மத்த ரெண்டு பேரும்கூட அப்படித்தான் அழுதாங்க, ஓர்ஃபா. அவங்களுக்கு நான் கேக்கலை. இவன் பேரு வந்தா அந்தக் கதையும் வெளிய வரும். அந்தத் தாய்ங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"முழிச்சுத்தான் ஆகணும். அது உங்க பாடு. ஆனா நீங்க செஞ்சதுலேயே நல்ல காரியம் அது. அதுக்காக அவன் பேரை அடிக்காதீங்க." நிமிர்ந்தாள். "காப்பி?"

"குடு."

சாப்பாட்டுக்குப் பிறகு ஆல்வாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லி எழுந்தவர் கேப்டனே. தான் கையெழுத்து வாங்கியதையும், மற்ற இருவருக்கு வாங்காததையும் தானே சொன்னார். யாரும் மறுக்கவில்லை. "மறுத்தா இவ அடுத்த வருஷச் சாப்பாட்டுல என்னத்தைச் சொல்லுவாளோ" என்றார் ஐரா.

மற்றப் பெயர்களைக் கல்தச்சர் ஏற்கெனவே செதுக்கி முடித்திருந்தார். மிச்சமிருந்த இடம் அடியில்தான். அங்கேயே ஆல்வா ஏறினான்.

மே மாதம், வீரர் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளில், லைலாக் பூங்கொத்துகளோடு ஊரே புல்வெளியில் கூடியது. ஃபிலூராவை நாற்காலியோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். இறக்கும்போது ஒரு பக்கம் பிடித்தவர் கேப்டன். அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. மற்றத் தாய்மார்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஃபிலூராவுக்குப் பார்வையும் மங்கல்தான். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டினால் பெயர் விரலில் பட்டது. எழுத்து எழுத்தாகத் தடவினாள்.

"இவ்வளவு கீழயாடி போடுவாங்க? நாய் காலைத் தூக்குமே."

"தூக்கட்டும். நான் கழுவிடறேன். சால்வையை இழுத்து மூடுங்க, காத்து அடிக்குது."

லேசில் வாக்குக் கொடுக்காத ஓர்ஃபா ஃபிலூராவுக்குக் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான். ஃபிலூரா அந்த இலையுதிர்காலத்தில் போனாள். அதன் பிறகும், தன்னால் முழங்காலை மடக்க முடிந்தவரை, ஓர்ஃபா வாளியும் பிரஷும் எடுத்துக்கொண்டு புல்வெளிக்கு வந்துகொண்டிருந்தாள். முழுக் கல்லையும் தேய்ப்பாள்; ஆனால் தொடங்குவது எப்போதும் அடியிலிருந்து.