வாழைப்பூ விளக்கும் பூசணிப்பூ விளக்கும்

முதல் அறிகுறி காகிதத்தில் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்காக வாழைப்பூ வடிவில் விளக்கு செய்துகொண்டிருந்தேன். மூங்கில் சிம்புகளை வளைத்துக் கட்டி, சிவப்புத் தாளை மடல் மடலாக ஒட்ட வேண்டும். பசை காயட்டும் என்று ஊதினேன். இருமல் வந்தது. உள்மடலின் வெள்ளைத் தாளில் ரத்தப் பொட்டு.

அதன்மேல் இன்னொரு மடலை ஒட்டிவிட்டேன். பசுமலையில் எங்கள் சர்ச் பவனிக்கு முன்னால் வருஷா வருஷம் போவது என் விளக்குதான். அந்த வருஷமும் போயிற்று.

கோடைக்குள் காய்ச்சல் விடாமல் அடிக்கத் தொடங்கியது. காசநோய் என்றார் டாக்டர் (நுரையீரலை அரிப்பது; இருமலால் பிறருக்கும் தொற்றும்). ஊருக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விலாவில் ஊசி குத்திக் காற்றேற்றினார்கள் (நோயுற்ற நுரையீரல் சுருங்கி ஓய்வெடுப்பதற்காக). மற்றபடி பால், முட்டை, படுக்கை. தாழ்வாரத்துக் கட்டிலிலிருந்து பரங்குன்றத்துப் பாறை தெரியும். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் கணவர் வந்து தள்ளி நின்றபடி சொன்னார்: "இந்த வருஷம் வெளக்க ஞானம் செய்யுது."

ஞானம் என் நாத்தனார். என் அடுப்படி அவள் கைக்குப் போயிருந்தது, பொறுத்துக்கொண்டேன். விளக்கை மட்டும் பொறுக்க முடியவில்லை. அவள் பசையில் பூச்சி விழட்டும் என்றுகூட நினைத்தேன்.

என்னைப் போலப் படுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நல்லவளாக இருக்க முயன்று களைத்துப்போகாதீர்கள். பக்கத்துக் கட்டில் மரியம்மாளுக்கு யார்மீதும் பொறாமை கிடையாது. எல்லோரையும் வாழ்த்திக்கொண்டே இருந்தாள். மழை விடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஞானம் விளக்கோடு வார்டுக்குள்ளேயே வந்துவிட்டாள். பூசணிப்பூ. இரண்டு மஞ்சள் தாள்களுக்கு நடுவே வாழைநாரை வைத்து ஒட்டியிருந்தாள். மெழுகுவத்தியை ஏற்றியதும் இதழ் நரம்புகள் தெரிந்தன. எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

நர்ஸ் பதறினாள். "உள்ள வந்த காகிதம் வெளிய போகாதும்மா. எரிக்கத்தான் செய்வோம்."

"தெரியும் சிஸ்டர். மதினிக்குத்தான் கொண்டாந்தேன்."

"பவனிக்கு?" என்றேன்.

"கடையில வாங்குன நட்சத்திரம் போதும். நீங்க பாத்துக் கொறை சொல்லாத வெளக்கு என்ன வெளக்கு, மதினி?"

அந்தப் பெருந்தன்மை அவளுக்கு எப்படி வந்தது என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். பிறகு குறை தேடினேன். கிடைக்கவில்லை. ஆனாலும் விட மனமில்லை.

"காம்பு நீளம். அடுத்த வருஷம் என் பக்கத்துல உக்காந்து செய்யி."

ஞானம் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் என்ற பேச்சே அதுவரை என் வாயில் வந்ததில்லை.

நான் வீடு திரும்பிய அன்று அந்த விளக்கை எரித்தார்கள். எரியும்போது அழுதேன்.

இப்போது ஒரு பக்க நுரையீரல்தான் வேலை செய்கிறது. பசையை ஊதி உலர்த்த மூச்சில்லை. ஒரு மடலை ஒட்டிவிட்டு, காற்று வந்து காயவைக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒரே பகலில் முடித்த விளக்கு இப்போது மழைக்காலம் முழுவதையும் கேட்கிறது. எதிரே ஞானம் ஊதி ஊதி இதழ்மேல் இதழாக ஒட்டிக்கொண்டு போகிறாள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

"என்ன மதினி அப்புடிப் பாக்குறீக? வெளக்குல கொறையா?"

"வெளக்க யாரு பாத்தா? உன் மூச்சத்தான் பாக்குறேன்" என்றேன்.