சந்தனம் ஒட்டிய பேனா

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகியவன் நான். இன்றைக்கு அவனியாபுரம் ரோட்டில் என் பெயர் போட்ட பட்டறையில் ஆறு லேத்து ஓடுகிறது. எஞ்சினியரிங் படித்தவர்கள் காரில் வந்து இறங்கி, மிஷின் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று என்னிடம் கேட்கிறார்கள். காதை வைத்துப் பார்த்து, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லி அனுப்புவேன். இதுவரை பிசகியதில்லை. இந்தக் காதை எனக்குக் கொடுத்தது மதுரையில் ஒரு நூல் மில். கொடுத்ததை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மில்லை நினைத்தாலே எனக்குத் துப்ப வேண்டும்போல் வருகிறது.

வெள்ளைக்காரன் காலம். மில் முழுவதையும் ஒரே ஒரு ஸ்டீம் எஞ்சின் ஓட்டியது. அதற்கு எண்ணெய் விடுகிற வேலை எனக்கு. அடுத்த அறையில் பாய்லர். அதில் கரி அள்ளிப் போடுகிறவர் கோரிப்பாளையத்து பாய் ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். பாய்லர் அழுத்தம் நூற்றிருபது ராத்தலில் நின்றால் எஞ்சின் நன்றாக ஓடும். இறங்கினால் எஞ்சின் சுணங்கும், மாடியில் நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

மணிக்கொரு தரம் அழுத்தத்தைப் பார்த்து சிலேட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். எழுதுகிறவர் எங்கள் மேஸ்திரி. காலை ஆறு மணிக்கு வந்ததும் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் சேர்த்து எழுதிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவார். இது எப்படியோ மில்லை நடத்திய துரை காதுக்குப் போனது. சீமையிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்தார். கண்ணாடிக் கதவு போட்ட இரும்புப் பெட்டி, பாய்லர் அறைச் சுவரில் மாட்டினார்கள். உள்ளே தட்டு அளவுக்கு வட்டக் காகிதம், கடிகாரம்போல ஒரு நாளைக்கு ஒரு சுற்று சுற்றும். ஊதா மை போட்ட சின்னப் பேனா அதன்மேல் கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். அழுத்தம் ஏறினால் பேனா வெளியே போகும், இறங்கினால் உள்ளே வரும். சீராக இருந்தால் சுத்தமான வட்டம் விழும். தினமும் காலையில் ஒரு குமாஸ்தா பழைய காகிதத்தை எடுத்து, அடியில் கரி போடுகிற பயர்மேன் பெயரையும் தன் கையெழுத்தையும் போட்டு, மில் வாசல் போர்டில் குத்தி வைப்பார். வட்டம் கோணலாக இருந்தால் போகிறவன் வருகிறவனெல்லாம் சிரிப்பான்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு அரை நாள் வேலை. மத்தியானம் எஞ்சினை நிறுத்தி, பாய்லரில் ஸ்டீம் இருக்கும்போதே பூசை போட்டோம். எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம். மேஸ்திரி அந்தப் பெட்டியையும் விடவில்லை. கதவைத் திறந்து, பேனா ஆடுகிற மூட்டு மேலேயே கட்டை விரலால் அப்பினார். பூசை முடிந்ததும், மற்ற ராத்திரிபோல அணையாமல் மூடி வைக்காமல், பாய் அடுப்பு நெருப்பையே வாரி வெளியே போட்டார். மறுநாள் விடியும்வரை பாய்லரில் நெருப்பே கிடையாது.

சாமிக்கு வைத்த பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, அதுவாக உதிர வேண்டும் என்பது அங்கே வழக்கம். சந்தனம் காய்ந்து கல்லானது. பேனா நூற்றிருபதிலேயே நின்றுவிட்டது. அடுத்த நாளிலிருந்து போர்டில் நிலா மாதிரி வட்டம். துரைக்குப் பூரிப்பு. குமாஸ்தா வாசலில் நின்று, பெண் வீட்டார் சீர்த்தட்டைக் காட்டுவதுபோல ஆட்களுக்குக் காட்டினார்.

அந்த வாரமே மேஸ்திரி மகளுக்குச் சடங்கு. கரிக்குவியலை மூடியிருந்த பெரிய தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டு போய் வீட்டு வாசலில் பந்தல் போட்டார். மில்லில் பாதிப் பேர் அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நானும் இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தேன். அன்று சாயங்காலம் பிடித்த ஐப்பசி மழை நான்கு நாள் விடவில்லை. கரி சேறாகிவிட்டது.

எஞ்சின் சுணங்க ஆரம்பித்தது. பாய்லர் மேலேயே இருந்த பழைய கேஜில் முள் தொண்ணூறைத் தாண்டவில்லை. பாய் மேஸ்திரியிடம் போய் நின்றார்.

"கரி எரியலண்ணே. பொகைதான் வருது. தார்ப்பாயக் கொண்டாரச் சொல்லுங்க."

"பேப்பர்ல நூத்திருவது காட்டுதுல்ல?"

"பேப்பர் காட்டுது. கேஜு காட்டலையே."

"அந்தக் கேஜு எங்க அப்பன் காலத்துது. சீமைச் சாமான் பொய் சொல்லுமா? போய் அள்ளிப் போடும் பாய்."

நூல் அறுவது துரைக்குத் தெரிந்தது. போர்டைப் பார்த்தார். அழுத்தம் சரி. அப்படியானால் எஞ்சின்மேல் கோளாறு, எண்ணெய்க்காரன் ஒழுங்காக எண்ணெய் விடவில்லை என்று முடிவு கட்டினார். சனிக்கிழமைக்குள் எஞ்சின் சரியாக ஓடாவிட்டால் எண்ணெய்க்காரனை நிறுத்திவிடு என்று உத்தரவு வந்தது. அதைக் கொண்டுவந்து என்னிடம் படித்துக் காட்டிய குமாஸ்தாவின் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது பாருங்கள், அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அந்த எஞ்சினில் என் விரல் படாத இடம் கிடையாது. என்னைப்போல எண்ணெய் விட மதுரை ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் போர்டு முன்னால் நின்றேன். எழுத்து எனக்குக் கொஞ்சந்தான் வரும். எண் நன்றாக வரும். ஒவ்வொரு வட்டமாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஆயுத பூஜை அன்றைக்குள்ள காகிதமும் முழு வட்டம். ராத்திரி பூராவும் நூற்றிருபது. அடுப்பே இல்லாத பாய்லர் எப்படி நூற்றிருபது காட்டும்? அந்தக் காகிதத்துக்கும் அடியில் கையெழுத்து இருந்தது. செத்த பாய்லருக்கு நாடி பார்த்து எழுதியதுபோல.

குமாஸ்தாவிடம் சொன்னேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "தெரியும்ப்பா. நான் பாக்கலைன்னா நெனச்ச?"

"அப்பத் தொரைட்ட சொல்லுங்க."

"கையெழுத்துப் போட்டுட்டேனே. அம்புட்டு நாளும் போட்டுட்டேன். இப்பப் போய்ச் சொன்னா எனக்கென்ன மருவாதி? வட்டம் நல்லாத்தான இருக்கு, விடு."

நெற்றி நிறைய விபூதி பூசுகிற மனுஷன். அவர் பேசியதைக் கேட்டு எனக்கு உடம்பு கூசியது.

அந்த நேரம் துரை காரில் வந்து இறங்கினார். நான் யாரையும் கேட்கவில்லை. பூஜை நாள் காகிதத்தைப் போர்டிலிருந்து பிய்த்துக்கொண்டு பாய்லர் அறைக்கு நடந்தேன். துரை கத்திக்கொண்டே பின்னால் வந்தார், அவர் பின்னால் குமாஸ்தா. பாய்லர் அறைக் கரியில் துரையின் வெள்ளைச் சப்பாத்து பட்டது அன்றுதான் முதல் தடவை. நான் பெட்டிக் கதவைத் திறந்து, கழிவுப் பஞ்சில் எண்ணெய் தொட்டு அந்த மூட்டை அழுத்தித் துடைத்தேன். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பேனா துள்ளி உள்ளே விழுந்து எண்பத்தைந்தில் நின்றது. பக்கத்தில் கேஜும் எண்பத்தைந்து.

துரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழில் அவருக்கு நாலு வார்த்தை தெரியும். "ஏன்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "கரி நனைஞ்சு போச்சு தொரை. தார்ப்பாயப் போட்டு மூடுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். இந்தப் பாய் மூடலை."

குமாஸ்தா அதை இங்கிலீஷில் சொன்னார். அவரும் பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். துரை என் பக்கம் திரும்பி, அப்படியா என்பதுபோலத் தலையை அசைத்தார். என் வேலை அந்த நிமிஷந்தான் தப்பித்திருந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கும் இவர்கீழ்தான் வேலை பார்க்க வேண்டும். கையிலிருந்த பஞ்சை மடித்தேன். விரித்தேன். மறுபடி மடித்தேன். பாயும் என்னைத்தான் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அங்கேயே பாயை நிறுத்திவிட்டார்கள். அவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுக் கைலியை உதறிக் கட்டினார். போகும்போது என் பக்கத்தில் நின்றார்.

"உள்ள நெருப்பு இருக்கு தம்பி. தண்ணி மட்டத்தப் பாத்துக்க, கொறைய விட்றாத."

அவ்வளவுதான். வைது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பாய் இடத்துக்குத் தன் ஆள் ஒருவனைக் கூட்டிவரச் சொல்லி மேஸ்திரி அனுப்பினார். அதுவரை கரி போட வேறு ஆள் கிடையாது, என்னையே போடச் சொன்னார்கள். எண்ணெய் என்றால் நான் ராஜா. அடுப்பு எனக்குப் பழக்கமில்லை. ஈரக் கரியை மொத்தமாகக் கொட்டி அடுப்பை அமர்த்திவிட்டேன். பேனா எழுபதுக்கு வந்தது, அறுபதுக்கு வந்தது, ஐம்பதைத் தொட்டது. கழுத்து வழியாக வேர்வையும் கரியும் வழிய, கண்ணெதிரே அந்த ஊதாக் கோடு உள்ளே சரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் குமாஸ்தா அந்தக் காகிதத்தை எடுத்து, வழக்கம்போல அடியில் பாய் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பயர்மேன் வேலை பார்த்த லட்சணத்தை எல்லாரும் பார்க்கட்டும் என்று துரை சொன்னாராம், அதைப் போர்டின் நடுவில் குத்தினார்கள். ஐம்பதில் இறங்கிய பள்ளத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் வேறு போட்டிருந்தது. மாடியில் வேலை பார்க்கிறவர்கள் கூட்டமாக நின்று, "பாய் தூங்கிட்டாருபோல மாப்ள" என்று சிரித்தார்கள். நான் எண்ணெய்க் குப்பியோடு அவர்களைத் தாண்டி உள்ளே போனேன்.