உள் கம்ப்யூட்டரும் ஒல்லிப் பிள்ளையாரும்

சிவசங்கரி வரைந்த படத்தைப் பார்த்து விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டுப் பழக்கமில்லை. இந்தத் தொழிலில் படம் எப்போதும் கோணலாகத்தான் இருக்கும். மண் சூளையில் வெந்தால் சுருங்கும், கனமான இடம் தொங்கும். ஆகவே வரையும்போதே எல்லாவற்றையும் பெரிதாகவும், தொங்கப்போகிற இடத்தைக் கொஞ்சம் தூக்கியும் வரைய வேண்டும். வேகாத பொம்மையைப் பார்த்தால் யார் மீதோ உள்ள கோபத்தில் செய்தது போல இருக்கும். "வெந்தா சரியாயிடும்" என்பார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாதவை பேட்டையின் பின்பக்கம் மலையாகக் கிடக்கின்றன. அந்த மலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சிவசங்கரி செராமிக் டிப்ளமா படித்தவள். ஐம்பதை நெருங்கிவிட்டாள். பேட்டைக்குப் போகிற சாலையில் ஒரு வாடகை வீடு, அதன் முன் அறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். கணவர் பழமலைநாதன் பெண்ணாடத்தில் கரும்பு லாரிகளுக்கு எடை போடுகிறார். காலை பஸ்ஸில் போனால் இருட்டித்தான் வருவார், வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். நல்ல மனிதர் என்று சொல்வதற்கு வேறு காரணம் தேவையில்லை.

அகல் விளக்கு, ஃபியூஸ் கட்டை, வாசல் நிலைக்கு மேலே ஒட்டுகிற பிள்ளையார் என்று பேட்டையில் எதற்கு அச்சு செய்ய வேண்டுமென்றாலும் படம் இவளிடம்தான் வரும். மோல்டுமேட் என்றொரு பழைய சாஃப்ட்வேரில் வரைவாள். எந்தப் பட்டறையின் மண் எவ்வளவு சுருங்கும் என்பதையெல்லாம் வருஷக்கணக்காக அதற்குள்ளேயே போட்டு வைத்திருந்தாள். ஒரு பொத்தானை அழுத்தினால், பொருள் வெந்த பிறகு எப்படி இருக்குமோ அப்படித் திரையில் காட்டும். உடனே சிவசங்கரி வெந்த பழைய பொருள் ஒன்றை எடுத்துக் கண்ணாடித் திரையில் ஒட்டவைத்துப் பார்ப்பாள். ஓரமும் ஓரமும் பொருந்தினால் படம் முடிந்தது. அளவுகோல் வைத்துச் சரிபார்க்கச் சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவைப்பாள்.

அவளுடைய சொத்து அந்தக் கண்தான். அவளுடைய பயமும் அதுதான்.

அவள் அம்மா சொர்ணாம்பாளுக்குக் கண்ணில் அழுத்த நோய். வலி கிடையாது, சிவப்பு கிடையாது, ஒன்றும் தெரியாது. ஒருநாள் சாம்பாரைத் தட்டுக்குப் பக்கத்தில் ஊற்றினாள். "ரெண்டு பக்கமும் கருப்பா வருதுடி சங்கரி, யாரோ கதவ சாத்துற மாதிரி" என்றாள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கதவு முழுக்கச் சாத்திக்கொண்ட பிறகு மகள் முகத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். இது பரம்பரையாக வரக்கூடியது, வருஷத்துக்கு ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று கடலூர் கண் டாக்டர் சிவசங்கரியிடம் சொல்லியிருந்தார். ஒரு வருஷம் காட்டினாள். அப்புறம் போகவில்லை. கேட்டால் வேலை என்பாள். வேலையெல்லாம் இல்லை. போனால் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

சித்திரை வெயிலில் பழைய கம்ப்யூட்டர் செத்தது. ஜங்ஷன் பக்கத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் கோவிந்தசாமி வந்து திறந்து பார்த்துவிட்டு, டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவது போலத் தன் கண்ணாடியைக் கழற்றினான். புதிது வாங்கினார்கள். புதிதில் மோல்டுமேட் ஏறவில்லை. 'இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது' என்று மட்டும் மரியாதையாகச் சொன்னது. அதை எழுதிய கம்பெனி எப்போதோ இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டது.

"புது சாஃப்ட்வேரு கத்துக்குங்கக்கா. யூட்யூப்புல எல்லாம் இருக்குது."

"அதுல பெரியம்மாளக்கா பட்டறை மண்ணு எவ்ளோ சுருங்கும்னு இருக்குதா தம்பி?"

கோவிந்தசாமி யோசித்தான். யூட்யூபில் அது இல்லை.

கடைசியில் புதுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் பழைய விண்டோஸ் எக்ஸ்பியைப் போட்டு, அதன் மேல் மோல்டுமேட்டை, செத்த கம்ப்யூட்டரின் டிஸ்க்கிலிருந்து மீட்ட படங்களோடும் கணக்குகளோடும் ஏற்றினான். வெளியே புது விண்டோஸ், உள்ளே பழைய விண்டோஸ். சிவசங்கரி அதற்கு உள் கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்தாள். மோல்டுமேட்டின் லைசென்ஸ் காலாவதியாகியிருந்ததால் உள் கம்ப்யூட்டரின் தேதியைப் பல வருஷம் பின்னால் தள்ளி வைத்தான். அங்கே இன்னும் 2011 நடந்துகொண்டிருந்தது. யாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

ஒரே ஒரு குறை. பழைய திரை கிட்டத்தட்டச் சதுரம், புதுத் திரை அகலம். உள் கம்ப்யூட்டர் நடுவில் மட்டும் தெரிந்தது. இரண்டு பக்கமும் கருப்பாகப் பட்டை.

"இந்தக் கருப்ப எடுத்துடு தம்பி."

"அது ஒண்ணும் பண்ணாதுக்கா. சும்மா காலி எடம்."

"எடுத்துடு. ரெண்டு பக்கமும் கருப்பா வேணாம்."

குரல் உயர்ந்ததைக் கண்டு கோவிந்தசாமி ஆச்சரியப்பட்டான். ஏன் என்று கேட்கவில்லை. வாடிக்கையாளர் கேட்டால் செய்துகொடுப்பதுதான் சர்வீஸ். எதையோ ஒன்றை அமுக்கினான். கருப்பு போய்விட்டது, படம் திரை முழுக்கப் பரவியது. டீ குடித்துவிட்டுப் போனான்.

முதலில் வந்த வேலை பெரியம்மாளின் பிள்ளையார். பெரியம்மாள் பேட்டையில் சின்னப் பட்டறை வைத்திருப்பவள், அறுபது வயது, நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். சதுர்த்திக்கு வாசல் பிள்ளையார் போடுவாள். பழைய அச்சு தேய்ந்து பிள்ளையாரின் மூக்கும் முழியும் மழுங்கிப்போனதால் புது அச்சு வேண்டும்.

சிவசங்கரி முன்பு போட்டிருந்த பிள்ளையார் படத்தைத் திறந்து, வெந்த பழைய பிள்ளையார் ஒன்றைத் திரையில் ஒட்டவைத்தாள். உயரம் பொருந்தும்வரை படத்தைப் பெரிதாக்கினாள். உயரம் பொருந்தியது. அகலம் பொருந்தவில்லை. படத்திலிருந்த பிள்ளையார் இருபுறமும் பிதுங்கிக்கொண்டு நின்றார். வீடு மாற்றும்போது பீரோ கால் உடைவது உண்டு, சாஃப்ட்வேருக்கும் ஏதாவது ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, பிள்ளையாரை அகலவாக்கில் குறைத்தாள். பொருந்துகிறவரை குறைத்தாள். ஓரமும் ஓரமும் கச்சிதமாகச் சேர்ந்தன. பென்டிரைவில் போட்டு அனுப்பினாள்.

பேட்டையில் அச்சு செதுக்குகிற மெஷின் கொடுத்ததைச் செதுக்கியது. மெஷினுக்குச் சொந்தக் கருத்து கிடையாது. மெஷின் ஓட்டுகிறவருக்கு இருந்தது. பிள்ளையார் கொஞ்சம் இளைத்திருக்கிறாரே என்று நினைத்தார். அக்கா போட்டால் காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டார். பட்டறையில் மண்ணை அச்சில் அமுக்கிய வாசுகியும் பார்த்தாள். "என்னாக்கா, சாமிக்குத் தொப்பையே காணோம்?" என்று பெரியம்மாளிடம் கேட்டாள். பெரியம்மாளுக்கும் உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் சொன்னாள்: "வெந்தா சரியாயிடும்."

உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது, ஒல்லியாக இருப்பவர் நெருப்பில் போட்டால் குண்டாகி வருவார் என்று நம்புவார்களா தெரியவில்லை. இங்கே ஒரு பட்டறையே நம்பியது.

சூளை ஆறி டிராலியை வெளியே இழுத்தபோது சிவசங்கரியும் அங்கே இருந்தாள். வரிசை வரிசையாகப் பிள்ளையார்கள், பளபளவென்று, ஒரு கீறல் இல்லை. அத்தனை பேரும் கடும் விரதத்தில் இருந்தவர்கள் போல ஒட்டிப்போயிருந்தார்கள். மோதகம் மட்டும் கையில் இருந்தது. அதுவும் பிடி கொழுக்கட்டை மாதிரி நீண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

சிவசங்கரி ஒரு பிள்ளையாரை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். திரையில் ஒட்டிப் பார்த்தது அவள். பொருந்துகிறது என்று சொன்னது அவள் கண். பொருந்தாத ஒன்றைப் பொருந்துகிறது என்று கண் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சாம்பார் ஊற்றிய அம்மாவின் கை ஞாபகம் வந்தது.

"இனிமே நான் படம் போடலக்கா. வேற ஆளு பாத்துக்குங்க" என்றாள். போய்விட்டாள்.

கோவிந்தசாமிக்கு ஃபோன் போட்டுக் கேட்டாள், இடம் மாற்றும்போது சாஃப்ட்வேரில் ஏதாவது மாறியிருக்குமா என்று. "ஒரு புள்ளி மாறாதுக்கா. கேரண்டி" என்றான். உண்மையைத்தான் சொன்னான். அவளை இவ்வளவு கலங்கடித்த உண்மை வேறு இருக்காது. கண் ஒன்றுதான் பாக்கி. கணவரிடம் சொல்லவில்லை. சமையலறையில் நின்று ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் காலண்டரைப் பார்த்தாள். அப்புறம் அந்தக் கண்ணை மூடி இந்தக் கண்ணால் பார்த்தாள். தேதி தெரிந்தது. தெரிவதால் மட்டும் என்ன என்று அழுதாள். கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

பெரியம்மாளுக்கு மூடின வீடு, மூடின கம்ப்யூட்டர் எதுவும் ஆகாது. ஒயர் கூடையில் பழைய பிள்ளையார் ஒன்று, ஒல்லிப் பிள்ளையார் ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டு நேராக வந்தாள்.

"சாமிய இளைக்க வச்சிட்டு நீ வூட்டுல படுத்துக்கினா ஆச்சா? சதுர்த்திக்கு யாரு பதில் சொல்றது?"

"எனக்குக் கண்ணு போச்சுக்கா."

சொல்லிவிட்டாள். கணவரிடம் சொல்லாததை, டாக்டரிடம் போய்க் கேட்காததை, ஒயர் கூடையோடு நின்றவளிடம் சொல்லிவிட்டாள். அம்மா, சாம்பார், கருப்பு, எல்லாவற்றையும் சொன்னாள். பெரியம்மாள் உட்கார்ந்து கேட்டாள். அவள் குரல் தணிந்து அன்றைக்குத்தான் அந்தத் தெரு கேட்டது.

"உன் கண்ணு போனா போவுது. என் கண்ணு இருக்குது இல்ல? அந்த டப்பாவத் தொற. நான் பாக்குறேன்."

சிவசங்கரி பயந்தது இதற்குத்தான். இன்னொருவர் பார்த்துவிட்டால் முடிவாகிவிடும். வேண்டாம் என்று கெஞ்சினாள். பெரியம்மாள் துண்டை உருவிப் போட்டாள்.

உள் கம்ப்யூட்டர் திறந்தது. 2011 விழித்துக்கொண்டது. பிள்ளையார் படம் திரை முழுக்க வந்தது. பெரியம்மாள் பழைய பிள்ளையாரை எடுத்துத் திரையில் ஒட்டவைத்தாள். தலையைச் சாய்த்து இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"பொருந்துதேடி!"

"என்னாக்கா?"

"கச்சிதமா பொருந்துதுன்றேன். எனக்குப் போன மாசம்தான் கண்ணு டெஸ்ட்டு பண்ணாங்க, ஊசில நூலு கோப்பேன். உன் கண்ணு பொய்னா என் கண்ணும் பொய்யா?" ஒல்லிப் பிள்ளையாரை எடுத்து வைத்தாள். இரண்டு பக்கமும் இடைவெளி. "இந்தப் படத்துலேந்துதான இது வந்தது. இதுவும் அதுவும் சேரல. கோளாறு இந்தப் பொட்டியில. அந்தக் கோவிந்தசாமியக் கூப்புடு."

கோவிந்தசாமி வந்தான். கேரண்டி என்றான். பெரியம்மாள் முறைத்தாள். அவன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, "ஒரு வட்டம் போடுங்கக்கா" என்றான். சிவசங்கரி வட்டத்துக்கான பொத்தானை அழுத்தி ஒன்று போட்டாள். திரையில் படுத்த முட்டை ஒன்று வந்தது.

மூன்று பேரும் முட்டையைப் பார்த்தார்கள்.

"ஓ" என்றான் கோவிந்தசாமி. "கருப்பு வேணாம்னீங்களே, அதுக்காக இழுத்து வுட்டேன். சாஃப்ட்வேரு மாறலக்கா. பாக்கறதுதான் அகலமாத் தெரியுது."

மறுபடி எதையோ அமுக்கினான். இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வந்தது. முட்டை வட்டமானது. நடுவில் இருந்த பிள்ளையார் சட்டென்று இளைத்து, சூளையிலிருந்து வந்தவர் போலவே ஆனார். சிவசங்கரி நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்தது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். கோவிந்தசாமி தன்னைத்தான் திட்டப்போகிறார்கள் என்று வாசல் பக்கம் நகர்ந்து நின்றான்.

அன்றே பிள்ளையாரைப் பழையபடி அகலமாக்கிப் புதுப் படம் போனது. சதுர்த்திக்குத் தொப்பையோடு வந்து சேர்ந்தார். ஒல்லிப் பிள்ளையார்களைப் பெரியம்மாள் வேப்பூர் ஹைவேயில் லாரிக்காரர்களிடம் கொடுத்தாள். லாரியின் முன் கண்ணாடி இடுக்கில் இவர்தான் சரியாக நிற்கிறார் என்றார்களாம்.

"கண்ணு நல்லாத்தான் இருக்குது, இனிமே டாக்டர் எதுக்கு?" என்று சிவசங்கரி சொன்னபோது பெரியம்மாள் விடுவதாக இல்லை. பழமலைநாதனுக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக லீவு போட்டார். இருவரும் கடலூர் பஸ் ஏறினார்கள்.

டாக்டர் நிதானமாகப் பார்த்தார். பிள்ளையார் கதையையும் முழுசாகக் கேட்டார்.

"அது கம்ப்யூட்டர் தப்புதாம்மா. ஆனா கண்ணுலயும் இருக்குது. ஓரத்துல லேசா ஆரம்பிச்சிருக்குது."

பழமலைநாதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சிவசங்கரி அழவில்லை. அழுகையெல்லாம் முட்டை வட்டமான அன்றே தீர்ந்துவிட்டிருந்தது.

"இனிமே படம் போடலாமா டாக்டர்?"

"போடலாம். போன பார்வை திரும்பாது, இருக்கறதக் காப்பாத்தலாம். நல்ல நேரத்துல வந்துட்டீங்க. சொட்டு மருந்த ஒருநாளும் விடக்கூடாது, சொல்ற தேதிக்கு வரணும்."

இப்போதெல்லாம் காலையில் மருந்து விட்டுக்கொண்டு, கண்ணின் கலங்கல் தெளிகிறவரை காத்திருந்துவிட்டு உட்காருகிறாள். கருப்பை எடுத்துவிடவா என்று கோவிந்தசாமி ஒருமுறை கேட்டான், திட்டு வாங்கினான். வேலை தொடங்கும் முன் சிவசங்கரி ஒரு வட்டம் போடுகிறாள். அதன் நடுவையே பார்த்தபடி, தலையை அசைக்காமல், இரண்டு பக்கமும் இருக்கும் கருப்புப் பட்டை எங்கே தொடங்குகிறது என்று கவனிக்கிறாள். நேற்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. அப்புறம் படத்தைத் திறக்கிறாள்.